மஞ்சள் கோடு போட்டவருக்கும் மற்றவர்களுக்கும்

பார்வை நரம்புக்கு இரத்த ஓட்டம் குறைந்து என் வலது கண்ணுக்கு என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லி எங்கள் வீட்டுக்காரருக்கும் அலுத்துவிட்டது. அதனால் நேரே நன்றிக்கு வருகிறேன்.

முதலில் எங்கள் ஃபிளாட் வாச்மன் ஐயாவுக்கு. வலது கண்ணில் பார்வையின் கீழ்ப்பாதி போய்விட்டது. இடது கண், சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) முன்பே லேசர் அடித்த கண். எதிரே வருபவரின் முகம் தெரிகிறது, காலடியில் இருப்பது தெரிவதில்லை. வெள்ளவத்தைக் கடைத்தெருவில்கூட ஒருமாதிரி நடந்துவிடலாம், படி இறங்குவதுதான் பயம். செருப்பு நுனியால் தடவித் தடவித்தான் இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டடியில் கதிரையில் இருந்தபடி அவர் கவனித்திருக்கிறார். "மிஸ், கீழ தெரியுதில்லையா?" என்று ஒருநாள் கேட்டார். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் கோடு! வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். எல்லோரும் வீடு வந்து சேர்ந்த பிறகு, இரவோடு இரவாக அடித்திருக்கிறார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் கோடு கொஞ்சம் கோணல், அங்கே பல்ப் எரிவதில்லை. அன்றைக்கே அதையும் மாற்றிவிட்டார். சாம்பல் சிமெந்துப் படிகள் எனக்கு ஒரே சரிவாகத்தான் தெரியும். இப்போது தலையைக் குனிந்தால் படி படியாகப் பிரிந்து தெரிகிறது. படி விளிம்புக்குப் பளிச்சென்ற நிறம் அடிக்கச் சொல்லி கிளினிக்கிலும் பிறகு சொன்னார்கள். அவருக்கு யார் சொன்னார்களோ! நன்றி சொன்னால், "இருந்த பெயின்ட்தானே மிஸ்" என்கிறார். படி அசிங்கமாகிவிட்டது என்று மேல்மாடியில் ஒருவர் முறையிட்டாராம். அவருக்கும் வயது போகும்.

அப்புறம், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை கூட இருந்து சிங்களத்தில் கதைத்துத் தந்த என் பழைய மாணவி, ஓட்டோவை வாசல் வரை கொண்டுவந்து கைபிடித்து ஏற்றிய தம்பி, சோறு கறி அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காமார், கூடப் படிப்பித்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. பொறுமையாக விளங்கப்படுத்திய டொக்டருக்கும் தான். பார்வை நரம்பின் தலைப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் சீனியாலும் பிரஷராலும் பழுதாகி, ஓட்டம் குறைந்தால் நரம்பு வீங்குமாம். சிலருக்கு அந்த நரம்பு வெளியேறும் வாய் பிறப்பிலேயே ஒடுக்கம். புறக்கோட்டைச் சந்துக்குள் இரண்டு லொறி மாட்டிக்கொண்டதுபோல வீக்கமே மிச்ச ஓட்டத்தையும் நெரித்துவிடும். போன பார்வையைத் திருப்பித் தர நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கும் நன்றி. குறட்டை உண்டா என்று என்னைக் கேட்டார், பதில் சொன்னவர் வீட்டுக்காரர். தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாமாம். இரவில் பிரஷர் அளவுக்கு மீறி இறங்குவதும் கூடாதாம். படுக்கப்போகும்போது போடும் பிரஷர் குளிசையின் நேரத்தை டொக்டரே மாற்றித் தந்தார். நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

மற்றக் கண்ணிலும் 5 ஆண்டுக்குள் நூற்றுக்கு 15 பேருக்கு இது வரலாமாம். அதனால் சீனியையும் பிரஷரையும் இனி விட்டுப்பிடிக்கமாட்டேன். இது நோவே இல்லாமல் வருகிற வருத்தம். காலையில் எழும்பும்போது ஒரு கண்ணில் மறைப்புத் தெரிந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே போங்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கு இரத்தக்குழாய் அழற்சியாலும் இப்படி வருவதுண்டு. அதற்கு உடனே மருந்து தொடங்கினால்தான் மற்றக் கண்ணைக் காப்பாற்றலாம்.

எங்கள் ஃபிளாட்டில் சீனி உள்ளவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். கண் காட்டி ஒரு வருடம் தாண்டியவர்கள் தயாராக இருங்கள். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும், வாகனம் ஓட்ட வேண்டாம், சேர்ந்தே ஓட்டோவில் வருவோம்.