பெற்றோருக்கான உரைகள் பெற்றோர் வரக்கூடிய இடத்தில் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டியும், ஏப்ரல் 2 ஆட்டிசம் விழிப்புணர்வு நாளை ஒட்டியும், சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்காக நடத்தப்படும் வல்லுநர் உரைகளைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் படித்து வருகிறேன். மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் உள்ள 17 வயது மகளின் தாய் என்ற முறையில், இவ்வுரைகள் எங்களுக்கு எவ்வளவு தேவை என்பதையும், அவை நடத்தப்படும் விதத்தில் எது மாற வேண்டும் என்பதையும் எழுத விரும்புகிறேன்.

என் மகளுக்கு நான்கு வயதாகும் வரை அவளை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் சோறூட்டி வந்தோம். ரசம் சாதத்தைத் தண்ணீர் போலக் கரைத்து, அண்ணாந்த வாயில் மேலிருந்து விடுவோம். வேளைதோறும் புரையேறும், ஒரு கிண்ணம் சாதம் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஆண்டு சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் எங்கள் வட்டார வள மையத்தில் பேச வந்த இயன்முறை மருத்துவர் ஒருவர், நான் கேட்ட கேள்விக்காகத் தம் உரையை அப்படியே நிறுத்திவிட்டு, என் மகளைச் சிறிய நாற்காலியில் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, கரண்டியை மேலிருந்து கொண்டுவராமல் நேர் எதிரே, வாய்க்குச் சற்றுக் கீழிருந்து கொண்டுவந்து ஊட்டிக் காட்டினார். சாதத்தைக் கரைக்காமல் கெட்டியாகக் குழையப் பிசையச் சொன்னார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்தான். புரையேறுவது அன்றோடு நின்றுவிடவில்லை என்றாலும், நாளுக்கு நாள் குறைந்தது. பிள்ளைக்கு ஊட்டக்கூடத் தெரியவில்லை என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் கூசிப்போயிருந்த எனக்கு, இது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான் என்று புரிந்தது அன்றுதான்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நான் மட்டுமே போயிருந்தேன். உட்காரவைத்து ஊட்டினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று அஞ்சிய என் மாமியாரைச் சம்மதிக்கவைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவரும் அந்த மருத்துவரைக் கண்ணால் பார்த்திருந்தால் அன்று மாலையே ஒப்புக்கொண்டிருப்பார். தாய்மாரை மட்டும் அழைக்கும் கூட்டங்கள் பாதி வேலையைத்தான் செய்கின்றன. தந்தையையும் பாட்டியையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

அண்மையில் மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டத்துக்குச் சென்றேன். வேலை நாளில், முற்பகல் 11 மணிக்கு. இரண்டு பேருந்து மாறி, மகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வரவேற்புரைகளே முடிந்திருக்கவில்லை. வல்லுநர் கற்றறிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் திரையில் ஓடியவை அனைத்தும் ஆங்கிலம். குழந்தை அழத் தொடங்கியதும் தாய்மார்கள் ஒவ்வொருவராக எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டோம். கேள்வி கேட்கும் நேரம் வந்தபோது அவர் அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பட்டிருந்தார். அன்று எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி அந்த வராந்தாவில்தான் கிடைத்தது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பிவிட்டால் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்றும், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆணை பெறலாம் என்றும், அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெற வழியுண்டு என்றும் பக்கத்தில் நின்ற ஒரு தாய் சொன்னார். 17 ஆண்டுகளில் எந்த மேடையிலும் இதை நான் கேட்டதில்லை.

நம்மிடம் வல்லுநர்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது. எங்கள் மாவட்டத்து ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கிவரும், மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கம், ஊர்களுக்கே ஆள் அனுப்பிப் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறது. எனவே நான் கேட்பது புதுக் கட்டடமோ பெரிய நிதியோ அல்ல. வட்டார வள மையங்களில் இயன்முறைப் பயிற்சிக்காக நாங்கள் எப்படியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் நாளிலேயே, மாதம் ஒருமுறை, தமிழில், ஒரே ஒரு பொருளைப் பற்றி ஓர் உரை நடக்கட்டும்: ஒரு மாதம் உணவூட்டல், ஒரு மாதம் கழிப்பறைப் பழக்கம், பெண் பிள்ளைகளின் மாதவிடாய் பற்றி (இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் தவிக்கிறார்கள்) ஒரு மாதம், பாதுகாவலர் ஆணை பற்றி ஒரு மாதம். பேசும் நேரத்துக்குச் சமமாகக் கேள்விக்கும் நேரம் இருக்கட்டும். அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருக்கட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய கூட்டங்கள் பற்றிய செய்தி, நடந்து முடிந்த மறுநாள் படத்துடன் வருகிறது. நடப்பதற்கு ஒரு வாரம் முன்பே நாள், இடம், பேசப்படும் பொருள் ஆகியவற்றை இரண்டு வரியில் வெளியிட்டால், நாங்கள் விடுப்புச் சொல்லி, வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்வோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தென்காசி மாவட்டம்