கிரான்பெர்ரி பற்றிக் கேட்ட நண்பனுக்கு

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி.

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், உன் மகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து கொண்டுவந்த, கிரான்பெர்ரி என்னும் புளிப்பான சிவப்புப் பழத்தை உலர்த்திய பொட்டலமும் கிடைத்தன. இங்கே அனைவரும் நலம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருவதால் பிசான நெல் பருவத்துக்கு நாற்றங்கால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பாளையங்கோட்டையில் உன் வீட்டு மாடியில் கிரான்பெர்ரி வைக்கலாமா என்றும், மகள் தன் வீட்டுக் கொல்லையில் வளர்க்க என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் என் விடை ஒன்றல்ல: மகள் வைக்கட்டும், நீ வைக்க வேண்டாம்.

அந்தச் செடி நீண்ட குளிர்காலத்தில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அதற்குத் தேவை. நம் ஊரிலோ மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மாஞ்சோலை மலையில் தேயிலை வளர்த்தார்களே, அங்கே வளராதா என்று நீ கேட்கக்கூடும். தேயிலையைப் போலவே இதற்கும் புளிப்பு மண்தான் வேண்டும் என்பதால் மண் ஒருவேளை ஒத்துவரலாம், ஆனால் அந்தக் குளிர் அங்கேயும் இல்லை. இணையத்தில் கன்று விற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வாங்கினால் கொடி சில மாதம் பச்சையாகப் படரலாம், காய்ப்பது நடவாது. அந்தப் பணத்தை வீணாக்காதே என்று உரிமையோடு சொல்கிறேன்.

மகள் இருக்கும் மாநிலமோ அச்செடிக்குத் தாய்வீடு. அங்குள்ள கேப் காட் பகுதியில், டென்னிஸ் என்னும் ஊரில், ஹென்றி ஹால் என்பவர் 1816ஆம் ஆண்டு வாக்கில், காற்றில் வந்த கடல் மணல் மூடிய இடத்தில் காட்டுக்கொடி செழித்து வளர்வதைக் கண்டு அதைப் பயிராக்கத் தொடங்கினார். இன்றும் பெருந்தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொடியின்மீது மெல்லிய படலமாக மணல் தூவுகிறார்கள். தூவிய மணலில் கொடி புதிதாக வேர் பிடிக்கிறது. மகளும் இதைச் செய்யலாம். வெயில் நன்றாக விழும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, பீட் மாஸ் எனப்படும் மட்கிய பாசியையும் மணலையும் கலந்து நிரப்பச் சொல். மண்ணின் பி.எச். அளவு (புளிப்பு கூடினால் இந்த எண் குறையும்) 4 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுக்கும். நாம் எல்லாச் செடிக்கும் அள்ளிப் போடுகிற அடுப்புச் சாம்பலை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சுண்ணாம்பு கலந்த குழாய்த் தண்ணீரைவிட மழைநீர் நல்லது. தொழுவுரமும் வேண்டாம், மிகக் குறைவான உரமே போதும்.

வசந்தத்தில் கடும்பனி ஓய்ந்த பிறகு, ஓரடி இடைவெளியில் கன்றுகளை நடலாம். முதலில் தரையோடு கொடி ஓடும். பிறகு அதிலிருந்து குத்தாக எழும் சிறு கிளைகளில்தான் பூவும் காயும் வரும். காய்க்க மூன்று ஆண்டுகள்வரை ஆகும் என்பதால் அவள் பொறுமையிழக்க வேண்டாம். அதுவரை களையெடுப்பதுதான் பெரிய வேலை, ஏனென்றால் தாழ்ந்து வளரும் இக்கொடியைப் புல் எளிதில் மூடிவிடும். பூக்கும் காலத்தில் தேனீ வந்தாக வேண்டும் ஆகையால் அப்போது எந்தப் பூச்சிமருந்தும் தெளிக்கக் கூடாது. குளிர்காலத்தில் இலை கருஞ்சிவப்பாகிவிடும். செடி பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாமல், பைன் சருகை மேலே பரப்பி வைக்கச் சொல்.

நெல்வயல் போல எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமா என்ற உன் ஐயம் படங்களைப் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் வருவதுதான். வேர் மேல்மண்ணிலேயே இருப்பதால் ஈரம் காயக் கூடாது, ஆனால் தேங்கவும் கூடாது. பெருந்தோட்டங்களில் பெரும்பாலும் அறுவடைக்கும், குளிர்காலத்தில் கொடியைக் கடுங்குளிரிலிருந்து காக்கவும்தான் நீரால் நிரப்புகிறார்கள். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதால், அறுவடையின்போது உதிர்ந்தவை மிதந்து வந்து சேரும். வீட்டில் கையால் பறித்தாலே போதும். அங்கே இந்த மாதம்தான் பறிக்கும் காலம்; மகள் பக்கத்துத் தோட்டம் எதற்காவது போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நான் எழுதியதைவிடக் கூடுதலாகவே அறிந்துகொள்வாள்.

உனக்குப் புளிப்பும் சிவப்பும்தான் ஆசையென்றால் களாவை வை. சிறு வயதில் பொத்தையடியில் முள் கிழிக்கப் பறித்துத் தின்றோமே, அதே களாதான். சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேறி, செர்ரி என்ற பெயரில் பேக்கரிக்குப் போவதும் பெரும்பாலும் அதுவே. நம் வெயிலையும் வறண்ட மண்ணையும் அது தாங்கும், வேலியாகவும் நிற்கும், ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் ஏற்றது. பழத்திலிருந்து எடுத்த விதை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் பழைய விதையை வாங்காமல் கன்றாகவே வாங்கிக்கொள். மாடித்தொட்டியைவிட உன் வீட்டு மேற்குச் சுவரோரம் அதற்கு நல்ல இடம். ஒரு மீட்டர் இடைவெளியில் குழியெடுத்து, இந்த மழை ஓய்வதற்குள் நட்டுவிடு. இரண்டு கன்றுகளை நானே அடுத்த வாரம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்