திண்டிவனம் பங்க்கில் உதவிய அண்ணனுக்கு நன்றி

போன சனிக்கிழமை ராத்திரி, திண்டிவனம் பக்கத்து பெட்ரோல் பங்க்கில் எங்கள் 1998 மாடல் காரைச் சரிசெய்து கொடுத்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பேர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

பார்க்கிங் லைட்டைப் போட்டாலே ஃபியூஸ் போனது. டெயில் லைட் இல்லாமல் நெடுஞ்சாலையில் எப்படிப் போவது? பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். “வேண்டாம், ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்” என்று உடனே தடுத்தீர்கள். அப்புறம் ஃபியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை மாட்டினீர்கள். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும், கரண்டும் ஏறத்தாழ 2 ஆம்பியருக்குள் நிற்கும் என்று நீங்கள் சொன்னது எனக்குப் புதுசு. ஒயரை இடம் இடமாக அசைத்துக்கொண்டே வந்தீர்கள். டிக்கிக் கீல் அருகே தொட்டதும் பல்பு மங்கியது! நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகும் ஒயர் அங்கே தோல் உரிந்து, செம்புக் கம்பி பாடியில் பட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றி, இனி கீலில் சிக்காதபடி கட்டியும் விட்டீர்கள். காசு வாங்கவே இல்லை.

அம்மாவைப் பத்திரமாக வீடு சேர்த்தேன். அந்த ஒயரையும் மாற்றி, ரப்பர் புஷ் போட்டாச்சு. விழுப்புரம் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க, அண்ணே.