மிதிவண்டி ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் கூட்டங்கள் இத்தாலியச் சாலைப் பந்தய வீரர் ஃபியோரென்சோ மான்யியின் பந்தய வாழ்க்கைக்கு ஒதுக்கப்பட்டன. கொப்பி, பார்த்தாலி என்னும் இரு பந்தய வீரர்களின் ரசிகர்களாக, கொப்பி கட்சி, பார்த்தாலி கட்சி என்று இத்தாலியே பிரிந்து நின்ற காலத்தில் ‘மூன்றாமவர்’ எனப்பட்ட இவர், 1948, 1951, 1955 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியைச் சுற்றிப் பல நாள்கள் நடக்கும் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தின் பட்டத்தை வென்றவர். பெல்ஜியத்தின் கல்பாவிய சாலைகளில் நடக்கும் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை 1949 முதல் 1951 வரை அடுத்தடுத்து மூன்று முறை வென்றார்; அந்தத் தொடர் வெற்றியை இன்றுவரை வேறெவரும் எட்டவில்லை.

1920-ல் டஸ்கனியின் வையானோவில் பிறந்த மான்யி, போர்க்காலத்தில் பாசிசத் தரப்பில் நின்றவர். 1944 ஜனவரியில் வலிபோனாவில் பாசிச எதிர்ப்புப் படையினருடன் நடந்த மோதல் தொடர்பாகப் பின்னர் வழக்கையும் எதிர்கொண்டார். இதனைப் பேசத்தான் வேண்டுமா என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. ஒருவரைப் போற்றும்போது அவர் வரலாற்றின் கசப்பான பக்கத்தை மறைப்பது முறையன்று என்பதே என் கருத்து. செயற்குழுவும் அதனை ஏற்றது. அவ்வாறே, 1948 ஜிரோவில் பொர்தோய் கணவாய் ஏற்றத்தில் ரசிகர்கள் அவரைப் பின்னிருந்து தள்ளி ஏற உதவியதற்காக 2 நிமிடங்கள் தண்டனையாகக் கூட்டப்பட்டதும், அது போதாதென்று கொப்பி பந்தயத்தை விட்டு விலகியதும், இறுதியில் மான்யி 11 வினாடி வித்தியாசத்தில் வென்று மிலான் வந்தபோது கூட்டத்தினர் சீழ்க்கையடித்து எதிர்ப்புக் காட்டியதும் ஒளிவின்றிப் பேசப்பட்டன.

உறுப்பினர்களை மிகவும் நெகிழச் செய்தது 1956-ஆம் ஆண்டு ஜிரோ பற்றிய அமர்வாகும். வோல்தெர்ரா அருகே இறக்கத்தில் விழுந்து இடது காறை எலும்பு முறிந்த நிலையிலும், அதுவே தம் கடைசி ஜிரோ என்பதால் மான்யி விலக மறுத்தார். பொலோஞ்ஞாவின் சான் லூக்கா ஏற்றத்தில் இடக்கையால் ஹேண்டில்பாரை இழுக்க முடியாததால், மெக்கானிக் ஃபாலியேரோ மாசி ஒரு டியூபை வெட்டி அதில் கட்டிக் கொடுக்க, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்தபடி ஏறினார். மீண்டும் விழுந்து புயத்து எலும்பும் முறிய, நினைவிழந்தவரை ஆம்புலன்சில் ஏற்றினார்கள்; நினைவு திரும்பியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மறுபடியும் சைக்கிளில் ஏறிவிட்டார். ஜூன் 8 அன்று மோந்தே பொந்தோனே மலையின் பனிப்பொழிவில், முதலிடத்திலிருந்த ஃபோர்னாரா உட்படப் பலர் விலகிய வேளையிலும் அவர் விலகவில்லை. சார்லி கௌல் பட்டம் வென்ற அந்தப் பந்தயத்தில் 3 நிமிடம் 27 வினாடி பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார்.

சைக்கிள் தயாரிப்பாளர்களின் வருமானம் சரிந்து அணிகள் கலையும் நிலை வந்தபோது, 1954-ல் தோல் க்ரீம் தயாரிக்கும் நிவியா நிறுவனத்தின் ஆதரவைப் பெற்று, சைக்கிள் தொழிலுக்கு வெளியேயிருந்து அணிகளுக்குப் பணம் வரும் வழியை இத்தாலியில் திறந்துவைத்தவரும் அவரே. வீரர்களின் பிழைப்பைக் காத்த இச்செயலுக்கு அவர் பெற்ற பட்டங்களுக்கு நிகரான மதிப்பை நாம் தர வேண்டும்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டுக்கு லக்சம்பர்க் வீரர் சார்லி கௌலின் பந்தய வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம் என்னும் செயற்குழுவின் பரிந்துரையையும், இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்