விடுமுறையில் மலை ரயிலுக்குப் போகிறீர்களா? பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடியப் போகிறது. "பள்ளியிலிருந்து டூர் எதுவும் இல்லையா சார்?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறீர்கள். இந்த முறை இல்லை. ஒரு ஆசிரியர் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் தலையை எண்ணுவதிலேயே நாள் போய்விடும், யார் கேட்கும் கேள்விக்கும் நின்று பதில் சொல்ல முடியாது. அதற்குப் பதில் ஒரு யோசனை சொல்கிறேன். கோவையில் இருந்துகொண்டு நீலகிரி மலை ரயிலில் ஏறாத பிள்ளைகள் நம் பள்ளியிலேயே நிறையப் பேர். ஒரு நாள் ஒதுக்கி நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டி, தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. பலர் குன்னூர் வரை காரில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயிலேறிவிட்டு "நீராவி ரயிலில் போய் வந்தோம்" என்கிறார்கள். குன்னூருக்கு மேலே இழுப்பது பொதுவாக டீசல் எஞ்சின். காட்சி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. நீராவி வேண்டுமென்றால் கீழே, மேட்டுப்பாளையத்தில்தான் ஏற வேண்டும். காலை 7.10-க்கு வண்டி கிளம்பிவிடும், அதனால் விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிள்ளைகள் முனகுவார்கள், கல்லாறு தாண்டியதும் சரியாகிவிடும்.

கல்லாறு வரை ஏறக்குறைய சமதளம், சாதாரண ரயில் மாதிரிதான் போகும். அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 19 கி.மீ. தூரத்துக்குத் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகிறது. ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக அடுத்த பட்டையில் பள்ளம் இருக்கும், அதனால் எந்த நொடியிலும் பிடி விட்டுப்போகாது. செங்குத்தான இடத்தில் 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் சதவீதமாக மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

எஞ்சின் வண்டிக்கு முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள், உடனே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். ஏதாவது ஒரு கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருண்டு ஓடாமல் கீழே எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்பதுதான் காரணம். சரி, ஓட்டுநர் பின்னால் இருந்தால் முன்னால் பாதையைப் பார்ப்பது யார்? ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார், கையில் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி. முதல் பெட்டிக்காரர் கொடியைக் காட்டினால் அடுத்தவர் காட்டுவார், அப்படியே கடைசியில் எஞ்சின் வரை சேதி போகும். கைப்பிரேக்கைச் சுற்றுவதும் அவர்கள் வேலைதான். என்னைக் கேட்டால் அந்த ரயிலில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அருவியோ குகையோ இல்லை, வளைவுகளில் அந்தக் கொடிகள் கைமாறுவதுதான்.

வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். ஹில்குரோ ஸ்டேஷனில் கொஞ்சம் நேரம் நிற்கும், டீயும் வடையும் கிடைக்கும். குரங்குகள் அதற்காகவே காத்திருக்கும், கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு இறங்கும் பிள்ளை வெறுங்கையோடுதான் திரும்பும். அந்த நேரத்தில் எஞ்சின் பக்கம் போய்ப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள், அதாவது நீராவி புகுந்து சக்கரத்தை இயக்கும் உருளைகள் தெரியும். கீழே உள்ளது சாதாரணச் சக்கரத்துக்கு. அங்கே வேலை செய்து முடித்த நீராவியை வீணாக்காமல் மேலே உள்ள சிலிண்டருக்கு அனுப்பி, அதைக்கொண்டு பற்சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. இந்த எக்ஸ் வகை எஞ்சின்களை முதலில் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் ஊரிலிருந்த தொழிற்சாலை. இப்போது நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே அதே வகையில் புதிதாகச் செய்திருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் எத்தனை படம் போட்டாலும் இது கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது, அவரே ஒப்புக்கொள்வார்.

வரலாறு சுருக்கமாக: மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-இல் திறந்தார்கள், ஊட்டி வரை 1908-இல் நீட்டினார்கள், 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 46 கி.மீ., 16 குகைகள், 250 பாலங்கள். இதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஊட்டி வரை போயே ஆக வேண்டும் என்றில்லை. குன்னூருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். இறங்கியதும் ஓடிவிடாமல் எஞ்சின் மாற்றுவதைப் பாருங்கள், அப்புறம் சிம்ஸ் பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரியுங்கள். திரும்புவதற்கு பஸ் இருக்கிறது, ஆனால் 14 கொண்டை ஊசி வளைவுகள், வாந்தி வரும் பிள்ளைக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை இன்றைக்கே பாருங்கள், விடுமுறை நாட்களுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். மழை வலுத்தால் மண் சரிந்து வண்டியை ரத்து செய்வது வழக்கம், கிளம்பும் முன் ரயில்வேயின் சேலம் கோட்ட அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். சொந்தக் காரில் மலையேறுபவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எவர்சில்வர் பாட்டிலே நல்லது. ஜன்னலுக்கு வெளியே கையையும் தலையையும் நீட்டக் கூடாது, குகைச் சுவர் மிக நெருக்கத்தில் வரும். இதைப் பிள்ளைகளைவிட செல்ஃபி எடுக்கும் அப்பாக்களுக்குத்தான் சொல்கிறேன்.

போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்லி எந்த வகுப்பிலும் கேட்கமாட்டோம். யாராவது கேட்டால் நேராக என்னிடம் வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்