வால்வு எங்கே என்று யாருக்குத் தெரியும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உள்ளாட்சி அலுவலகங்களில் நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கி, அன்றாட வேலைகளை ஒப்பந்ததாரர் அனுப்பும் ஆட்களே பார்க்கும் நிலையைக் குறித்து, குடிநீர்ப் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

செட்டிநாட்டில் நான் குடியிருக்கும் ஊரில் சென்ற கோடையில் இரண்டு தெருக்களுக்கு ஒன்பது நாள் தண்ணீர் வரவில்லை. தொட்டியில் நீர் இருந்தது, மோட்டாரும் ஓடியது. பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்து வேறொருவர் கைக்குப் போனபோது, பதினோரு ஆண்டுகளாகத் தண்ணீர் திறந்துவிட்டவரும் வேலையிழந்தார். சாலை போட்டபோது தாருக்கு அடியில் போய்விட்ட வால்வு எந்த வீட்டு வாசலுக்கு நேரே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்கே தெரியும். மூன்று இடங்களில் தோண்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவரையே அழைத்து வந்தார்கள். அன்றைய கூலியை யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை.

ஒப்பந்தமே கூடாது என்பது என் கட்சியன்று. மேல்நிலைத் தொட்டி கட்டுவதும், பாதாளச் சாக்கடைக் குழாய் பதிப்பதும், ஊரணியைத் தூர்வாருவதும் தொடக்கமும் முடிவும் உள்ள வேலைகள். அவற்றுக்கான இயந்திரங்களை அலுவலகமே ஆண்டு முழுவதும் வைத்திருப்பது வீண்செலவு. நாள்தோறும் தண்ணீர் திறப்பது அப்படிப்பட்டதன்று. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாமா என்று அரசு ஆராயும்போது, அவ்வேலை தொடர்ந்து நடப்பதா என்பதையும் பார்க்கச் சொன்னது. முறையான நியமனமின்றிச் சேர்ந்தவர்கள் பணிநிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2006 உமாதேவி தீர்ப்பைக் காட்டி அதை மறுப்பவர்கள், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்தவர்களை நிரந்தரமாக்க அதே உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உத்தரவிட்டதையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

இன்னொன்று, நிரந்தர ஊழியர் குறைந்தால் ஒப்பந்ததாரரின் வேலையை அளந்து பார்க்கவும் ஆள் இருக்காது. பதித்த குழாயின் ஆழத்தை நேரில் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டிய பொறியாளர் நான்கைந்து பணிகளுக்கு இடையே ஓடும்போது, ஒப்பந்ததாரர் சொல்லும் அளவே புத்தகத்தில் ஏறுகிறது. பள்ளத்தை மூடிய பின் எதை அளப்பது? கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், பர்மாவிலிருந்த கடைகளை மூன்றாண்டுக் கணக்கில் முகவர்களிடம் விட்ட இப்பகுதி முதலாளிகள், ஐந்தொகையை (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கை) ஊருக்கு வரவழைத்துச் சரிபார்ப்பதை மட்டும் யாரிடமும் விட்டுவிடவில்லை.

தண்ணீர் திறப்போர், ஃபிட்டர், மோட்டார் இயக்குவோர் பணியிடங்களை நேரடி நியமனத்தால் நிரப்ப வேண்டும். அதுவரை, ஒப்பந்தம் கைமாறும்போது பழைய ஆட்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதையும் வால்வுகளின் வரைபடத்தை ஒப்படைப்பதையும் டெண்டர் நிபந்தனையாக்கி, வரைபடம் வந்து சேரும் வரை ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியல் (பில்) தொகையை நிறுத்திவைக்கலாம். எங்கள் தெருவுக்கு இன்னும் வரைபடம் இல்லை; அந்த வீட்டு மதிலில் யாரோ சுண்ணாம்பால் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பிரிவு ஊழியர்,
சிவகங்கை மாவட்டம்.