70க்கு மேல ஊளையிடுற சக்கரம், நாலாவது தடவையும் 'நார்மல்'னு சொல்லி அனுப்பினீங்க

சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். கார் வாங்கி அஞ்சு மாசம் கூட ஆகல, அதுக்குள்ள சிங்கப்பூர் ஊபியில இருக்கிற உங்க சர்வீஸ் சென்டருக்கு நாலு தடவை வந்துட்டேன், நாலு தடவையும் லீவு போட்டுட்டு. போன்ல பேசிப் பேசி தொண்டை வத்திடுச்சு, அதான் எழுதுறேன்.

60 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் சத்தமே இல்ல. 70 தாண்டினா முன்பக்க இடது சக்கரத்துல 'ஊஊம்'னு ஆரம்பிக்குது, 90ல பக்கத்துல உக்காந்திருக்கிற என் வீட்டுக்காரி பேசுறதே கேக்காது. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும் குறையல, அப்ப இன்ஜின் இல்ல. யீஷூன்ல இருந்து துவாஸுக்கு தினமும் போற ஆளு நான், கேஜேஇ எக்ஸ்பிரஸ்வேயில ரோடு வலது பக்கம் வளையுற எடத்துல சத்தம் கூடுது, இடது பக்கம் வளைஞ்சா அமுங்குது. வலது வளைவுல வெயிட்டு இடது சக்கரத்து மேலதானே விழும்? எனக்கே இது வீல் பேரிங், அதாவது சக்கரம் வழுக்கிட்டு சுத்த உதவுற உருளைப் பாகம்னு தோணுது, காரை வித்த உங்களுக்குத் தோணலையா?

மொதல் தடவை காத்து அடிச்சு பேலன்சிங் பண்ணி அனுப்பினீங்க. அடுத்த தடவை முன் டயரைப் பின்னாடி மாத்தினீங்க, சத்தம் அதே மூலையிலதான். டயர் சத்தமா இருந்தா டயரோட பின்னாடி போயிருக்கணும்ல? அதுக்கப்புறமும் நாலு டயரையும் மாத்துங்கன்னு கொட்டேஷன் நீட்டினா என்னங்க அர்த்தம்.

எனக்கு ஆறாதது நாலாவது தடவைதான். ரெண்டரை மணி நேரம் உக்கார வச்சுட்டு, உங்க சர்வீஸ் அட்வைசர் தம்பி என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு டெஸ்ட் டிரைவ் போனாரு. எங்க? ஊபி சந்துக்குள்ளேயே, 40ல! பக்கத்துலயே பிஐஇ எக்ஸ்பிரஸ்வே இருக்கு, ஏறுங்க தம்பின்னு மூணு தடவை சொன்னேன், ஜாம்னு சொல்லிட்டாரு. மதியம் ரெண்டு மணிக்கு என்ன ஜாம்? திரும்பி வந்து எல்லார் முன்னாடியும், "அங்கிள், இது நார்மல், ரேடியோ வால்யூமைக் கூட்டிக்குங்க"ன்னாரு. ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல கொட்டி வாங்கினது ரேடியோவை இல்ல.

அப்புறம் சின் மிங்ல ஒரு வொர்க்ஷாப்ல காட்டினேன். தூக்கி வச்சு, ஒரு கையால சக்கரத்தைச் சுத்திவிட்டு இன்னொரு கையை ஸ்பிரிங் மேல வச்சாரு அந்த அண்ணன். என் கையையும் புடிச்சு வச்சாரு. இடது பக்கம் கரகரன்னு மணலை அரைக்கிற மாதிரி இருக்கு, வலது பக்கம் வழுவழுன்னு இருக்கு. அஞ்சே நிமிஷம்! இதைச் சொன்னா உங்காளு, வெளிய காட்டினா வாரண்டி போயிடும்னு மிரட்டுறாரு. வெளிய சர்வீஸ் பண்ணாலே வாரண்டி இல்லங்கிற கண்டிஷனை 2017லயே போட்டித்தன்மை ஆணையம் பேசி டீலர்ங்ககிட்ட எடுக்க வச்சாச்சு, அவர்கிட்ட சொல்லி வைங்க.

இந்த அலைச்சல்ல என் ஒரு வருஷ லீவும் போச்சு, நிம்மதியும் போச்சு. மாமியார் இந்தக் கார்ல ஏறவே மாட்டேங்கிறாங்க (அது ஒண்ணுதான் லாபம்).

தயவுசெஞ்சு பேரிங்கை வாரண்டியில மாத்திக் குடுங்க, எனக்கு வேற எதுவும் வேணாம். இல்லன்னா ஆறு மாசக் கெடு முடியுறதுக்குள்ள லெமன் லா-வை (குறையுள்ள பொருளை வித்தா வாங்கினவரைக் காப்பாத்துற சட்டம்) வச்சு 'கேஸ்'ங்கிற நுகர்வோர் சங்கத்துக்குப் போவேன், அங்கயும் ஆகலைன்னா சின்னத் தொகை வழக்குகளைப் பாக்குற ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றம். வர்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரேன். மெக்கானிக் யாராவது என்கூட எக்ஸ்பிரஸ்வேக்கு வரட்டும், அந்தத் தம்பி வேணாம்.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர், யீஷூன்